ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு சொட்டு

11 பிப்ரவரி 2025, செவ்வாய், பள்ளங்கி

காலையில் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். எலியின் உட்செவி மயிர்ச்செல்களில் நிற்கிற நீட்சிகள் எவ்வளவு விறைப்பு, இதுதான் விஷயம். ஐந்து வருஷமாக பெங்களூரில் இதே சோலி. காதுக்குள், அந்த நத்தைச் சுருளுக்குள், ஒவ்வொரு செல்லின் தலையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ரோமக் கற்றை நிற்கும். அதை ஒரு கண்ணாடி இழையால் தள்ளிப் பார்த்து, எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று அளப்பேன். ஆய்வேட்டை ஊரில் இருந்து எழுதிக்கொள்கிறேன் சார், மலைக்காற்று, அமைதி என்றெல்லாம் என் கைடிடம் சொல்லி வந்துவிட்டேன். அமைதியாம் அமைதி!

ரெண்டு வரி எழுதுவதற்குள் பக்கத்து வீட்டு பொன்னுவேல் சித்தப்பா தலையைச் சாய்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். "ரோகிணி, இந்தக் காதுல வண்டு கணக்கா கொய்ங்குதும்மா. என்னன்னு பாரு."

எல்லாம் அம்மா பார்த்த வேலை. 'எம் மக காது டாக்டரு' என்று ஊர் பூரா சொல்லி வைத்திருக்கிறது. நான் எலிக்காது பார்க்கிறவள் என்றால், "எலிக்கே பாக்குறவ மனுசனுக்குப் பாக்க மாட்டியா?" என்கிறார்கள்.  செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு படி அழுக்கு. கொடைக்கானல் போய்ச் சுத்தம் பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். போகும்போது ரெண்டு முட்டைக்கோஸ் வைத்துவிட்டுப் போனார். ஃபீஸ்!

ஆனால் எழுத ஓடாததற்குக் காரணம் சித்தப்பா இல்லை. நடுவீட்டில் தொங்குகிற தொட்டில். தம்பி கோகுலின் மகள். பிறந்து மாசம் இன்னும் முடியவில்லை. பிறந்த ஆஸ்பத்திரியிலேயே காதுக்குச் சோதனை வைத்தார்கள். ரெண்டு காதுமே பாஸாகவில்லை. வத்தலக்குண்டில் ஒரு கிளினிக் பேரைச் சொல்லி, அங்கே மறுபடி பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பிறந்த புதுசில் காதில் நீர் நின்றால் அப்படித்தான் காட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டில் எல்லாரையும் சமாதானப்படுத்திவிட்டேன். என்னைச் சமாதானப்படுத்தத்தான் ஆளில்லை.

13 பிப்ரவரி

பேர் வைத்தாயிற்று. மாசி பிறந்த கையோடு முடிச்சிரணும்னு அம்மா ஒற்றைக்காலில் நின்றது.

கோகுல் போனில் என்னமோ எண் கணிதம் பார்த்து 'ஷ்'ஷில் ஆரம்பித்து 'ஷா'வில் முடிகிற பேராகக் கொண்டுவந்தான். சொல்லிப் பார்த்தால் காக்காயை விரட்டுவது போலிருக்கிறது. நதியா ஒரே பேச்சில் முடித்தாள்: "எங்கம்மா பேருதான். தமயந்தி." நதியா எங்கள் மாமன் மகள். கோகுலுக்கு முறைப்பெண், இப்போது பெண்டாட்டி. தவழ்கிற காலத்திலிருந்தே இவனுக்கு அவள்தான் என்று பேசி வைத்தது. அவள் சொன்னால் இவன் தலையாட்டாமல் என்ன செய்வான்?

எங்கள் பக்கம் அத்தைதான் பேரைச் சொல்ல வேண்டும், வலது காதில், மூன்று தரம். குனிந்தேன். பால் வாடை, மஞ்சள் வாடை, கூடவே பூண்டு வாடை. பள்ளங்கியில் எந்த வீட்டில்தான் பூண்டு வாடை இல்லை! "தமயந்தி, தமயந்தி, தமயந்தி" என்றேன். வாயைப் பிளந்து பெரிய கொட்டாவி விட்டாள்.

"அத்தகாரி வாயத் தொறந்தாலே தூக்கம் வந்துருது" என்று அம்மா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

கேட்டிருக்குமா?

15 பிப்ரவரி

பயப்படாதே, பயப்படாதே, பயப்படாதே. எழுதிப் பார்த்தேன். வேலைக்கு ஆகவில்லை.

17 பிப்ரவரி

இன்று வீடே ஆராய்ச்சிக்கூடம். கோகுல் எவர்சில்வர் தட்டை எடுத்துக் குழந்தையின் தலைமாட்டில் டமார் என்று தட்டினான். தமயந்திக்கு, எங்கள் தமுவுக்கு, தூக்கிவாரிப் போட்டது.

"பாத்தியாக்கா! நல்லாக் கேக்குது!"

"டேய், தட்டு வந்த வேகத்துல காத்தடிச்சிருக்கும். தொட்டிலும் ஆடுச்சு. இதெல்லாம் சோதனையே இல்ல."

உடனே அடுப்படியில் போய் நின்று தட்டினான். தமு திரும்பவில்லை. "இப்பத் தூங்குறா, அதான்" என்றான். கண்ணு ரெண்டும் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கு, தூங்குறாளாம்! கடைசியில் வாசலில் பைக் ஹாரனை அடித்ததில் பொன்னுவேல் சித்தப்பாவின் மாடு அறுத்துக்கொண்டு ஓடி, ரெண்டு பேரும் மாட்டைப் பிடிக்கப் போய்விட்டார்கள். ஆராய்ச்சி அத்தோடு நின்றது.

சாயங்காலம் கோகுலோடு பூண்டுக் காட்டுக்குப் போனேன். அறுப்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். "அந்தக் காதுக்குள்ள என்னதான்க்கா இருக்கு? ஒழுங்கா எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றான். எதிரே கிடக்கிற படிவயலையே காட்டினேன்.

"இந்தா, மேல் படியில நிக்கிற பூண்டு உசரம். கீழ் படியில குட்டை. அதுக்கும் கீழ இன்னும் குட்டை. செல்லு தலையில அந்த ரோமங்க இப்படித்தான் வரிசை கட்டி நிக்கும். குட்டையோட நுனியிலருந்து பின்னாடி நிக்கிற நெட்டைக்கு ஒரு நூல் கட்டியிருக்கும். சத்தம் வந்து தள்ளுனா மொத்தமும் நெட்டைப் பக்கமா சாயும். நூல் இழுபடும். நூல் இழுத்தா ஒரு கதவு தெறக்கும். கதவு தெறந்தா மின்சாரம். அதுதான் நீ கேக்குற சத்தம்."

"எம்புட்டுச் சாயும்?"

"காதுக்கு எட்டுற ஆகச் சின்னச் சத்தத்துக்கு, ஒரு அணு அகலம் அளவுக்குத்தான் சாயும்."

ஒரு பூண்டுத் தாளை நிமிண்டிப் பார்த்தான். "இம்புட்டு நூலையும் யாருக்கா கட்டுறது? கூலி கட்டுப்படியாகுமா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விதான் என் கேள்வியும். எழுதலாமா வேண்டாமா? எழுதிவிடுகிறேன், நான்தானே படிக்கப் போகிறேன். அந்த நூலைச் செய்கிற மரபணு அப்பா வழியிலும் பழுதாக வந்து அம்மா வழியிலும் பழுதாக வந்தால், நூலே இருக்காது. சொந்தத்துக்குள் கட்டிக்கொள்கிற குடும்பத்தில் அப்படி ரெண்டும் சேர்ந்து வர வாய்ப்பு கூட. எங்கள் லேபில் அப்படிப்பட்ட எலிகள் இருந்தன. கை தட்டினால் திரும்பாது. தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வரும். அதுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு டீ குடித்திருக்கிறேன்.

கோகுலும் நதியாவும் அத்தை மகன், மாமன் மகள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

20 பிப்ரவரி, வியாழன்

வெள்ளனே ஜீப்பில் கிளம்பினோம். கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததுமே அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டது. பழத்தையும் மீறி ரெண்டு இடத்தில் வாந்தி. தமு மட்டும் மகாராணி மாதிரி தூக்கம்.

கிளினிக்கில் சோதிக்கிறவர் பேர் ஜஹீரா. என் வயசுதான் இருக்கும். கொடைக்கானல் பஜாரில் அவர்கள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடையாம். நதியாவுக்குப் பொறுமையாக விளக்கினார்: "காதுக்குள்ள இந்தச் சின்ன ரப்பர் மூக்க வச்சு லேசா ஒரு சத்தம் அனுப்புவோங்க. நல்ல காதுன்னா அது பதிலுக்கு ஒரு சத்தம் குடுக்கும். இந்த மைக்கு அதப் பிடிச்சிக்கும். வலியெல்லாம் இருக்காது."

"காது சத்தம் குடுக்குமா!" என்று அம்மா வாயில் கை வைத்தது.

எனக்குப் பழகின விஷயம்தான். வெளிவரிசைச் செல்கள் சத்தத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதில்லை, கூடவே குதிக்கும். அந்தக் குதிப்பு வெளியே கேட்கும். அம்மாவைப் போல, என்ன சொன்னாலும் பதில் பேசாமல் இருக்கவே இருக்காது.

ரப்பர் மூக்கை வைத்தார். மிஷின் 'அடைப்பு' என்றது. எடுத்துத் துடைத்து வைத்தார். மறுபடி அடைப்பு. எடுத்து மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எங்க அத்தா கடையிலகூட இவ்ளோ பூண்டு வாசம் வராதுங்க."

பூண்டு எண்ணெய்! நல்லெண்ணெயில் மலைப்பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆற வைத்து, காதுக்கு ரெண்டு சொட்டு. எங்கள் ஊரில் காது வலிக்கும் அதுதான், காது குளிருக்கும் அதுதான், காது சும்மா இருந்தாலும் அதுதான். குளிப்பாட்டின பிறகு தினமும் விட்டிருக்கிறது அம்மா. நான் அதே வீட்டில் உட்கார்ந்து காதைப் பற்றி அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"எண்ணெ விட்டாத்தானுங்களே காது சுத்தமாக் கேக்கும்?" என்று அம்மா ஜஹீராவிடமே நியாயம் கேட்டது. அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. "உங்க காதுல நீங்க விட்டுக்கிறது உங்க இஷ்டம்மா. பாப்பா காதுல இனி எதுவும் வேணாம். எண்ணெய் அடைச்சிருந்தா நான் அனுப்புற சத்தமும் உள்ள போகாது, பதிலும் வெளிய வராது" என்றார். அதே கட்டிடத்தில் காது டாக்டரிடம் அனுப்பிச் சுத்தம் செய்ய வைத்தார். ரெண்டு வாரம் விட்டு வரச் சொன்னார்.

சோதனை நடக்கவே இல்லை. ஆனாலும் திரும்பி வரும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். அப்ப எல்லாம் எண்ணெயாலதான் இருக்கும், இல்லையா? ஆனா – பொறந்த ஆஸ்பத்திரியில சோதிச்சப்ப யாரும் எண்ணெ விடலையே. சரி, அது நீரு. இருக்கட்டுமே. அது நீராவே இருந்துட்டுப் போகட்டுமே.

22 பிப்ரவரி

வீட்டில் ஊரடங்கு. எண்ணெய்ப் பாட்டிலை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மாரியம்மன் பேரால் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். கோகுலிடமும், நதியாவிடமும். "போதுமா? மாட்டுக்கிட்டயும் வாங்கிக்க" என்றது அம்மா.

6 மார்ச், வியாழன்

ஐயோ. ஐயோ ராமா! இந்த வீட்டுல எனக்கு வாய்ச்சது எல்லாமே இப்படித்தானா?

மறுபடி அடைப்பு. மறுபடி பூண்டு. இந்தத் தடவை முன்னைவிடக் கூட! ஜஹீரா ரப்பர் மூக்கை எடுத்து என் மூக்குக்கு நேரா நீட்டுனாங்க, அவ்வளவுதான். பூமி பிளந்தா உள்ள போயிருப்பேன். நான் வேற போன தடவை 'நானும் இதே துறைதாங்க மேடம்'னு பீத்திட்டு வந்திருந்தேன்.

ஜீப்பு மலை ஏற ஆரம்பிச்சதும் விசாரணைய ஆரம்பிச்சேன். "யாரு?"

அம்மா எலுமிச்சம்பழத்த மோந்துச்சு. மொத வளைவு. "யாருன்னு கேக்குறேன்ல?"

"ஒரே ஒரு சொட்டுடி" – அம்மா. "அதுவும் இன்னைக்குக் காலையிலதான். பரிச்சைக்குப் போற புள்ளைக்கு துண்ணூறு பூசி விடுறதில்லையா? அந்த மாதிரி."

"சத்தியம் பண்ணுனியேம்மா!"

"மாரியாத்தா கோவிச்சுக்க மாட்டா. அவளும் புள்ள பெத்தவதான்."

அப்ப கோகுல் தொண்டையக் கனைச்சான். "அக்கா... நேத்து நானும் ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டுதான்க்கா. புதுப் பூண்டு, நம்ம காட்டுது, மொத அறுப்பு. அதான் நல்லா வேல செய்யும்னு..."

பாட்டில்தான் எங்கிட்ட பூட்டிக் கெடக்கே? புதுசாக் காய்ச்சியிருக்கான். அம்மா அதுக்குத் தெரியாம தனியாக் காய்ச்சியிருக்கு. ஒரே அடுப்பு, ரெண்டு தைலம், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது! வாடை வந்தப்பக் கேட்டேனே, ரசம்னுச்சு. அன்னைக்கு ரசமும் வச்சுது, கைகாரி.

டிரைவர் கண்ணாடி வழியாப் பாத்துச் சிரிக்கிறான். பொன்னுவேல் சித்தப்பா வேற ஞாயித்துக்கிழமை புள்ளையப் பாக்க வந்து, 'எங் காதுல கொய்ங்குனது இதுலதான் நின்னுச்சு தாயி'ன்னு தன் பாட்டில்லருந்து ஒரு சொட்டு விட்டாராம். அம்மா பாத்துட்டு, பெரிய மனுசன் ஆசையா விடுறாரு, தடுக்கக் கூடாதுன்னு சும்மா இருந்துச்சாம்.

நான் கத்துன கத்துல தமு முழிச்சுக்குச்சு. முழிச்சுதா, இல்ல ஜீப்பு குலுங்குனதுல முழிச்சுதா? பாரு, இதுதான் இப்ப என் பொழப்பு. ஒரு புள்ள கண்ணு முழிச்சா காரணம் தேடுறேன்.

நதியா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியே உக்காந்திருந்தா. திரும்பாமலே, "நானும் மதினி"ன்னா. "தெனமும்."

புள்ளைய வாங்கி என் மடியில போட்டுக்கிட்டேன்.

8 மார்ச்

கோபம் தணிந்துவிட்டது. வெட்கம் இருக்கிறது.

நதியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நானும் போய்க் கிளிப் போட்டேன். திடீரென்று, "மதினி, ஒங்களுக்கு என்னமோ தெரியும். வந்த நாள்லருந்து புள்ளையத் தூக்குறப்பல்லாம் மொகத்த ஒரு மாதிரி வச்சிருக்கீங்க. சொல்லிருங்க. தெரியாம இருக்கிறதுதான் தாங்க முடியல. அதான் எண்ணெய விட்டுக்கிட்டே கெடந்தேன். சும்மா இருக்க முடியல" என்றாள்.

சொன்னேன். நூல், கதவு, மரபணு, சொந்தத்துக்குள் கல்யாணம், எல்லாம். எலிகளை மட்டும் விட்டுவிட்டேன். 'இருக்கலாம்', 'இல்லாமலும் போகலாம்' என்று வரிக்கு வரி போட்டேன். அவள் காதில் அதெல்லாம் விழுந்த மாதிரி தெரியவில்லை.

"அப்ப நாங்க கட்டிக்கிட்டதுதான் தப்பா?"

"அப்படி இல்ல நதியா. நம்ம ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் கட்டியிருக்காங்க. புள்ளைங்க நல்லாத்தானே கெடக்குதுக?"

"கெடக்குதுகதான்" என்றாள். கோகுலின் சட்டையை ரெண்டு கையாலும் உதறிக் கொடியில் போட்டாள். தேவையில்லாத அளவுக்கு உதறினாள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதையாகிவிட்டதோ? கேட்டவளிடம் மறைக்கவும் முடியாது. சொன்ன பிறகு அவளைப் பார்க்கவும் முடியவில்லை.

12 மார்ச்

தொட்டிலுக்குப் பக்கத்திலேயே மேஜையைப் போட்டுவிட்டேன். அத்தியாயமும் ஓடுகிறது, காவலும் நடக்கிறது. குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் கையை நீட்ட வேண்டும், நான் மோந்து பார்ப்பேன். பூண்டு உரித்த கைக்கு அனுமதி இல்லை. பள்ளங்கியில் இந்தச் சட்டப்படி பார்த்தால் ஒருத்தருக்கும் அனுமதி இல்லை.

"போலீஸ் வேலைக்குப் படிச்சிருக்கலாம் நீ" என்கிறது அம்மா.

20 மார்ச், வியாழன்

இன்று சுத்தமான காது. டாக்டரே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அப்பாடா" என்றார். நதியா பால் கொடுத்துத் தூங்க வைத்தாள். அம்மாவையும் கோகுலையும் வெளியே உட்கார வைத்தாயிற்று.

முதலில் இடது. ரப்பர் மூக்கு உள்ளே போனது. திரையில் கீழே சாம்பல் நிறத்தில் வெறும் இரைச்சல். அதற்கு மேல் ஒரு பச்சைத் தூண் எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. பதில் வருகிறது! அந்தச் சுண்டைக்காய் காதுக்குள்ளே செல்களெல்லாம் குதிக்கிறதுகள். நூல் இருக்கிறது, கதவு திறக்கிறது, எல்லாம் இருக்கிறது. ஐந்து வருஷம் எத்தனையோ எலிக்காதைப் பார்த்தவள், ஒரு நாள்கூட இப்படி மூக்கை உறிஞ்சியதில்லை. ஜஹீரா டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"இடது பாஸுங்க. ஜம்முன்னு இருக்கு."

அப்புறம் வலது.

தூண் எழவில்லை. ரப்பர் மூக்கை மாற்றினார். எழவில்லை. காதை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி வைத்தார். சாம்பல் மட்டும்தான். நான் ஜஹீராவின் முகத்தைப் பார்த்தேன். நதியா என் முகத்தைப் பார்த்தாள்.

"மதுரையில நரம்பு வரைக்கும் பாக்குற சோதனை ஒண்ணு இருக்குங்க. அதையும் பண்ணிருவோம். ஒரு காது நல்லாக் கேக்குது, அத மறந்துறாதீங்க" என்றார் ஜஹீரா. நதியாவின் கையைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னார்.

வெளியே வந்ததும் கோகுல், "பாஸா?" என்றான்.  "பாதி" என்றேன்.

3 ஏப்ரல்

மதுரை போய் வந்தோம். வெயில் கொளுத்துகிறது. மலைக்காரர்கள் எல்லாரும் வதங்கின கீரையாக வீடு வந்து சேர்ந்தோம்.

முடிவு இதுதான்: இடது காது நன்றாக இருக்கிறது. வலது கேட்காது. மருந்துக்கும் சரியாகாது. ஒரு காது போதும், பேச்சு வரும், பள்ளிக்கூடம் போவாள். அந்த நல்ல காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர்.

நதியா கேட்டாள்: "சொந்தத்துல கட்டுனதாலயா டாக்டர்?"

அப்படி வந்தால் பெரும்பாலும் ரெண்டு காதிலும்தான் வரும், ஒரு காதில் மட்டும் என்றால் வேறு எத்தனையோ காரணம் இருக்கலாம் என்றார் அவர். வயிற்றில் இருக்கும்போது வந்த ஒரு காய்ச்சலாக இருக்கலாம். நரம்பே சரியாக அமையாமல் இருக்கலாம். வளர்ந்த பிறகு ஸ்கேன் எடுத்தால் ஒருவேளை தெரியும், தெரியாமலும் போகலாம்.

ஆக, ஒரு மாசமாக நான் மனசுக்குள் கட்டி அழுத கதை அனேகமாக இது இல்லை. என் படிப்புக்கு எது தெரியுமோ அதுதான் நடந்திருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதை நதியா தலையிலும் இறக்கி வைத்தேனே! அவளிடம் சொன்னேன்: "நான் பயந்தது தப்பு போலருக்கு நதியா. ஏன் கேக்கலைன்னு எனக்குத் தெரியல. யாருக்கும் தெரியல."

"தெரியலன்னா விடுங்க மதினி" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போய், "எங்க கல்யாணமில்லையே, அது போதும்" என்றாள்.

திரும்பும்போது கோகுல் கேட்டான்: "செத்துப்போன அந்த ரோமம் திரும்ப மொளைக்காதாக்கா? பூண்டு வெட்டுனா மறுவருசம் நடுறோம்ல?"

"மனுசனுக்கு மொளைக்காது. கோழிக்கு மொளைக்கும்."

"கோழிக்கா!" என்றான். வீட்டில் இறங்கியதும் கொல்லையில் மேய்ந்த சேவலைப் பார்த்து, "ஏலே, ஒனக்கு எதுக்குடா அதெல்லாம்?" என்று கல்லை எடுத்து விட்டெறிந்தான்.

5 ஏப்ரல்

இன்றைக்குத்தான் உறைத்தது. பேர் வைத்த அன்று நான் சொன்னது வலது காதில். மூன்று தரமும். அந்தப் பேர் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. இத்தனை நாளும் பேர் இல்லாமலே பால் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

யாரும் பார்க்காத நேரம் இடது காதில் குனிந்து சொன்னேன். கொட்டாவி விடவில்லை. கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டாள். காலால் என் கண்ணாடியைத் தட்டி விட்டாள்.

21 ஏப்ரல்

ஆய்வேடு முடிந்தது. அனுப்பியும் விட்டேன். சார் "பார்க்கிறேன்" என்று மட்டும் பதில் போட்டிருக்கிறார். அவர் 'பார்க்கிறேன்' என்றால் தீபாவளி வந்துவிடும். அதைப் பற்றிக் கவலை இல்லை.

கவலை நதியாதான். யாருக்கும் சொல்லக் கூடாது என்று எங்கள் எல்லார் வாயையும் கட்டிவிட்டாள். "பொம்பளப் புள்ள. இப்பவே காது கேக்காதவன்னு பேரு கட்டிட்டா காலத்துக்கும் போகாது." வருகிறவர்களிடம், "பாஸாயிட்டா" என்கிறாள். காதை மூடின குல்லாவைத் தமு தலையிலிருந்து கழற்றுவதே இல்லை. பொன்னுவேல் சித்தப்பா வலது பக்கம் உட்கார்ந்து, "தமயந்தி... ஏ தமயந்தி..." என்று கூப்பிட்டுப் பார்க்கிறார். தமு திரும்பவில்லை. நதியா சட்டென்று எழுந்து, "பசிக்குது போல மாமா" என்று உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மாவுக்கு வாயில் வந்ததை முழுங்குவது புதுப் பழக்கம். பாவம், முகமே வீங்கிவிட்டது. "நம்ம ஊருக்காரங்கதானடி. தெரிஞ்சா என்ன, தின்னுருவாங்களா?" என்று என்னிடம் வந்து முணங்குகிறது. நதியாவிடம் சொல்ல எங்கள் ரெண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

எத்தனை நாளைக்குக் குல்லா?

25 ஏப்ரல்

நதியாவிடம் பேசிப் பார்த்தேன். "ஒங்களுக்கென்ன மதினி, நீங்க பெங்களூர் போயிருவீங்க" என்றாள். உண்மைதான். 

7 மே, புதன்

மாரியம்மன் சாட்டு, ஊர்த் திருவிழா. நேற்று முதல் காதில் ரத்தம் வராத குறை. ஒலிபெருக்கிக்காரன் கூம்புக் குழாயை எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில்தான் கட்டியிருக்கிறான். நான் போய், இது காதுக்குக் கெடுதி, கொஞ்சம் குறை என்றேன். "என்னக்கா?" என்றான். மறுபடி சொன்னேன். "என்ன?" என்றான். அவன் காது எப்பவோ போயிருக்கும். கோகுல் ஏறிக் குழாயைக் காட்டுப் பக்கம் திருப்பி விட்டான். பொன்னுவேல் சித்தப்பா வந்து, சாமி பாட்டு ஊருக்குக் கேட்க வேண்டாமா என்று மறுபடி இந்தப் பக்கமே திருப்பி விட்டார். அவருக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்கிறதாம்.

மத்தியானம் கூழ் ஊற்ற வந்த பொம்பளைகள் எல்லாம் எங்கள் நடுவீட்டில். தமு வீறிட்டு அழுகிறாள். தூக்கம் வருகிறது, பாட்டு விடமாட்டேன் என்கிறது. ஆளுக்கு ஒரு வைத்தியம். வயித்து வலியாயிருக்கும், ஓமத்தண்ணி குடு. கண்ணு பட்டிருக்கும், மொளகா சுத்து. சித்தப்பா பெண்டாட்டி, "காதுல ரெண்டு சொட்டு பூண்டெண்ணெ..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்தேவிட்டேன்.

நதியா அதற்குள் பிள்ளையை வாங்கி மடியில் போட்டாள். குல்லாவைக் கழற்றினாள். தமுவை ஒருச்சாய்த்து, இடது காதைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்தாள். வலது காது மேலே பார்த்துக் கிடந்தது, அத்தனை பேர் முன்னாலும்.

"இந்தக் காது அவளுக்குக் கேக்காது சின்னத்த" என்றாள். பாட்டுச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "கேக்குற காத மூடிட்டாத் தூங்கிருவா. ராத்திரி நானே கண்டுபுடிச்சேன்."

பொம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். சித்தப்பா பெண்டாட்டி கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தார். அப்புறம் குனிந்து தமுவைப் பார்த்தார். அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி, வாய் லேசாகத் திறந்துகொண்டது.

"அடி ஆத்தே, தூங்கிட்டாளே!" என்றார். "குடுத்து வச்ச மகராசி. நான் ரெண்டு நாளாத் தூங்கலடி."

"எனக்கும் ஒண்ணு அப்படி வச்சுப் படைச்சிருக்கலாம்" என்று அம்மா கூம்புக் குழாயைப் பார்த்துக் கும்பிட்டது. நதியா சிரித்தாள். சிரிக்கும்போது வயிறு குலுங்கியது, ஆனாலும் பிள்ளை அசையவில்லை. எனக்கு அழுகையாக வந்தது, அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது யாரோ மருமகளைப் பற்றிக் குறை சொல்ல, நதியா ஒரு கையால் கூழ் டம்ளரை வாங்கிக்கொண்டு, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டு பொழுது சாயும் வரைக்கும் ஓடியது. தமு எந்திரிக்கவே இல்லை.